பதினாலில் ஒன்பது பாஸ்

என் வீட்டுக்காரர் தமிழ்வேந்தன் வரைகிற படங்களில் மாடுகளுக்கு ஐந்து கால் இருக்கும். ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும். தண்டவாளம் மட்டும் எழுந்துபோய் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கும். பாலாற்றில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடும். இதற்குப் பெயர் சர்ரியலிசம் என்று கல்யாணமான புதிதில் எனக்கு விளக்கினார். கனவில் வருவதுபோல, நடக்காததை நடக்கிற மாதிரியே வரைவதாம். மாடு, ரயில் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. பாலாறு விஷயத்தில் உடனே ஒத்துக்கொண்டேன்.

கவின்கலைக் கல்லூரியில் அச்சுக்கலை படித்தவர். பகலில் ஒரு மெட்ரிக் பள்ளியில் டிராயிங் வாத்தியார். மிச்ச நேரமெல்லாம் படம். நான் பைபாஸ் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். ஜெர்மனிக்குப் போகிற ஷூக்கள் கடைசியாக என் மேஜைக்குத்தான் வரும். இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, தையல் விலகியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு எங்காவது தெரிகிறதா என்று பார்ப்பேன். தப்பு இருக்கும் இடத்தில் சில்வர் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம். பன்னிரண்டு வருஷமாக வட்டம் போடுகிறேன். சரிசெய்த பிறகு ரப்பரால் இரண்டு தேய் தேய்த்தால் வட்டம் இருந்த இடமே தெரியாது.

அச்சுக்கலைக்கு ஒரு பிரஸ் வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் பிரஸ், திருப்பத்தூரில் ஒருவர் கடையை மூடும்போது தள்ளிவிட்ட கரும்பு ஜூஸ் மெஷின். அதன் உருளைகளை ராணிப்பேட்டை லேத்தில் கொடுத்து வழவழப்பாக்கிக்கொண்டு வந்தார். கீழே பலகை, மேலே காகிதம், அதன்மேல் ஒரு கம்பளித் துண்டு, சக்கரத்தைச் சுற்றினால் அந்தப் பக்கம் படமாக வெளியே வரும். முதல் கோடையில் எதிர்வீட்டிலிருந்து சொம்பெடுத்துக்கொண்டு வந்து, "ரெண்டு கிளாஸ், ஐஸ் கம்மியா" என்று கேட்டார்கள். அவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் மூன்று நாளும் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. படங்களை எங்கெங்கோ அனுப்புவார். அவை திரும்பி வரும். போன மாசிக்கு முன்னால்தான் சென்னையிலிருந்து சாமிநாதன் என்பவர் போன் செய்தார். அவரும் ஓவியர்தான். பத்து அச்சுக் கலைஞர்கள், ஆளுக்கு ஒரு படம், அதில் பத்துப் பிரதிகள். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் பத்துப் பெட்டிகள் செய்வார்களாம். ஒவ்வொரு பெட்டியிலும் பத்துப் பேரின் படமும் இருக்கும். ஒன்பது பெட்டி வெளியூர் மியூசியங்களுக்கும் கல்லூரிகளுக்கும், ஒன்று சென்னையில் கண்காட்சிக்கு. "பத்து பேர்ல நீங்க ஒருத்தர்" என்று அவர் சொன்னதும், என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்தபடியே நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் பார்த்தார்.

எனக்கு அவரைவிடச் சந்தோஷம். அதைக் காட்டிக்கொள்ளாமல், "பத்தும் ஒண்ணுபோல வருமா? உங்க மாட்டுக்கே கால் ஒரு நாளைக்கு ஒரு கணக்கா இருக்குது" என்றேன்.

படத்துக்கு 'மாலை ஐந்தரை' என்று பெயர் வைத்தார். ஒரு ஷூ கம்பெனி கேட். ஷிப்ட் விடுகிற நேரம். கேட்டைத் தாண்டி முந்நூறு ஷூக்கள் நடந்து வருகின்றன, உள்ளே கால் இல்லை, மேலே ஆள் இல்லை. எல்லாம் ஆற்றைப் பார்த்துப் போகின்றன. ஆறு தரையில் இல்லை. வானத்தில் வேட்டி காயப்போட்டதுபோல் தொங்குகிறது. நான்கு நிறம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நான்கு நிறத்துக்கும் ஒரே லினோ பலகைதான், ரப்பர் மாதிரி செதுக்க வருகிற தகடு. மஞ்சளை அடித்துவிட்டு, மஞ்சளாகவே இருக்கவேண்டிய இடங்களைச் செதுக்கி எறிந்துவிட்டு, அதே பலகையில் அடுத்த நிறம். அப்புறம் இன்னும் செதுக்கி அதற்கடுத்தது. கடைசிக் கறுப்பு அடித்து முடிக்கும்போது பலகையில் பாதிக்குமேல் போயிருக்கும். மறுபடி ஒரு பிரதி வேண்டும் என்றால் ஆண்டவனே வந்தாலும் அடிக்க முடியாது. அதனால் பத்துக்குப் பதினாலாக அடித்தார். ஹாலில் துணிக்கொடி கட்டி, கிளிப் மாட்டி, பதினாலும் பத்து நாள் காய்ந்தன. எங்கள் துணிகள் மொட்டைமாடிக்குப் போயின.

திங்கட்கிழமை கூரியரில் போகவேண்டும். ஞாயிறு காலை இட்லி தின்னும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்.

"பதினாலுல பத்து பொறுக்கணும். எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும், அதான் இதுல முக்கியம். ராத்திரி கண்ணே எரிஞ்சிப்போச்சு. சத்துவாச்சாரி போய் பேக்கிங் அட்டை வாங்கினு வந்துட்டுப் பாக்கறேன்."

பஸ் ஏறப் போய்விட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு கொடியைப் பார்த்தேன். ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. பதினோரு வருஷமாக அவர் கலைக்கு நான் செய்த உதவி, சக்கரம் இறுகும்போது சேர்ந்து சுற்றியதும் மொட்டைமாடிக்குத் துணி தூக்கியதும்தான். இன்றைக்கு என் கைக்கே ஒரு வேலை வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டேன். வெள்ளைத் துணி விரித்தேன். கம்பெனியில் செய்வதுபோலவே, நல்ல பிரதி ஒன்றை சாம்பிளாக இடதுபக்கம் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக வலதுபக்கம் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். மூன்றாவது பிரதியில் கறுப்பு ஒரு பக்கம் திட்டாக இருந்தது. வட்டம். ஐந்தாவதில் ஆற்றின் நீலம் பலகை நகர்ந்ததால் மஞ்சளைவிட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. வட்டம். கை தானாக ஓடியது. பதினாலையும் முடித்தபோது ஒன்பது பாஸ், ஐந்து ரிஜெக்ட். ஐந்து பிரதிகளில் சேர்த்துப் பதினோரு வட்டங்கள்.

ஒன்று குறைகிறதே என்று ரிஜெக்ட் கட்டை மறுபடி எடுத்தேன். பன்னிரண்டாவது பிரதியில் ஷூ ஒன்றின்மேல் நான் வட்டம் போட்ட புள்ளி, பார்த்தால் வெறும் தூசி. ஊதினேன், பறந்துவிட்டது. அப்படியானால் இது பாஸ்தான், பத்து ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வட்டத்தை ரப்பரால் தேய்த்தேன்.

போகவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பியது. வெள்ளி மட்டும் இன்னும் பளபளப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில்வர் பேனா தோலுக்காகச் செய்தது. தோல் அதை மேலேயே வைத்துக்கொள்ளும். காகிதம் குடித்துவிடும். பன்னிரண்டு வருஷத்தில் நான் காகிதத்தில் வட்டம் போட்டதே இல்லை.

எங்கள் ஸ்டிச்சிங் லைனில் கோடு மறைய சூடு காட்டுவார்கள் என்று ஞாபகம் வந்தது. ஹேர் டிரையரைப் பிடித்தேன். காகிதம் அப்பளமாய் வளைந்தது, வட்டம் அப்படியே இருந்தது. தோல் பதனிடுகிற இடத்தில் ஃபினிஷிங் மாஸ்டராக இருக்கும் மக்பூல் அகமது பாய்க்குப் போன் போட்டேன். எந்தக் கறையானாலும் எடுத்துவிடுவார்.

"சில்வர் கறைதானேம்மா? கவலையே வாணாம். ஒரு சொட்டு தின்னர், காட்டன் துணி, லேசா துடை. ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா?"

"பேப்பர், பாய்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"பேப்பரா? பேப்பர்ல எதுக்கும்மா இன்ஸ்பெக்‌ஷன் பண்ண?"

"தப்பு கண்டுபிடிக்க."

"கண்டுபிடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சேன்."

"அப்ப அத்த உங்க வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள மறந்துடு" என்று போனை வைத்துவிட்டார்.

வட்டம் போட்ட ஐந்தையும் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தேன். ஆனால் என் லைனில் யாராவது வெட்டுப்பட்ட ஷூவை ஒளித்துவைத்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதே வாயை வைத்துக்கொண்டு எப்படி ஒளித்துவைப்பது? ஐந்தையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு, பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலப் பக்கத்தில் நின்றேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு அட்டையோடு வந்தார். மேஜையைப் பார்த்தார். வட்டங்களைப் பார்த்தார். அட்டையைக் கீழே வைக்க மறந்து அக்குளிலேயே இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னா இது?"

"பொறுக்கி வெச்சேன். ஒம்போது பாஸ். இது... அழியும்னு நெனச்சேங்க. தோல்ல அழியும்."

"இது செருப்பு இல்ல, சௌந்தர்யா!"

பதினோரு வருஷத்தில் அவர் குரல் இந்த உயரத்துக்குப் போனதில்லை. நான் தப்புச் செய்தவள்தான், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

"நாங்க செருப்பு செய்யல. ஷூ செய்யறோம்."

அட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சோறு ஆறிப்போனது. நானும் சாப்பிடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. பதினோரு வருஷம் காத்திருந்தது அவருக்கு என் கையாலேயே போகிறதே என்று வந்தது. கூடவே கோபமும் வந்தது. ரெண்டும் சேர்ந்து வந்தால் எனக்குப் பாத்திரம் துலக்கினால்தான் சரியாகும். துலக்கின பாத்திரத்தையே திரும்பத் துலக்கினேன்.

நான்கு மணி வாக்கில் ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஐந்தாவது பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. இது எதுக்கு வட்டம்?"

"நீலம் நகந்திருக்குது. ஒரு எம்.எம்."

"ஒரு எம்.எம்.லாம் ஒரு தப்பா?"

"எங்ககிட்ட அரை எம்.எம். வரைக்கும்தான்."

அடுத்ததை எடுத்தார். "இது?"

"கறுப்பு திட்டா நின்னுடுச்சு. மை ஜாஸ்தி."

"இது?"

"சக்கரத்த நடுவுல நிறுத்திட்டு மறுபடி சுத்திருக்கீங்க. அந்த எடத்துல கோடு விழுந்திருக்குது. அன்னைக்கு பால் பொங்குதுன்னு நான் கூப்பிட்டேனே, அப்பவா இருக்கும்."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். காது சிவந்திருந்தது. பதினோரு வட்டத்தில் தூசி ஒன்றைத் தவிர மற்ற பத்தும் சரியாக இருந்தன.

"எனக்குத் தெரியும்" என்றார் மெல்ல. "அடிக்கும்போதே தெரியும். இத்த யார் பாக்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்."

"நான் பாப்பேன்னு நெனைக்கலயா?"

"நீதான் எந்தப் படத்தையும் பாக்கறதே இல்லியே. பதினோரு வருஷத்துல நல்லாருக்குது, நல்லால்ல, ஒரு வார்த்த சொல்லிருக்கியா? கிண்டல் பண்ற, அவ்ளோதான்."

இது எனக்குப் புதிதாக இருந்தது. நான் சொல்லாததற்குக் காரணம் வேறு. எங்கள் வேலையில் சாம்பிள் அப்ரூவ் ஆகிவிட்டால் அதைப் பற்றி நாங்கள் பேசக்கூடாது. ஷூவின் மூக்கில் கொம்பு வைத்து ஜெர்மன்காரன் கையெழுத்துப் போட்டிருந்தாலும், எல்லா ஷூவிலும் கொம்பு ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. படம் அவருடைய சாம்பிள். அவரே அப்ரூவ் செய்துவிட்டார். நடுவில் நான் யார்? இதைச் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர் மேஜைமேல் தேடினார். பிறகு ஹேர் டிரையரில் வளைந்துபோன பன்னிரண்டாவது பிரதியை என் முன்னால் தள்ளினார். சில்வர் பேனாவை எடுத்து மேலே வைத்தார்.

"இது இன்னும் அப்ரூவ் ஆகல. இப்பதான் உங்கிட்ட வந்திருக்குது. பாரு."

சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். படத்தைப் பார்த்தேன். வானத்தில் தொங்குகிற ஆறு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆளில்லாமல் ஷூ நடப்பதும் எனக்கொன்றும் இல்லை, பதினோரு வருஷத்தில் பழகிவிட்டது. ஆனால் அந்த கேட் எனக்குத் தெரிந்த கேட். அந்த நேரம் எனக்குத் தெரிந்த நேரம். பேனாவைத் திறந்து கேட்டைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். அவ்வளவு பெரிய வட்டம் நான் அதுவரை போட்டதில்லை.

"இங்க இன்னா தப்பு?"

"ஆளே இல்ல."

"அதான் படமே. கம்பெனி ஆளுங்கள முழுங்கிடுது. ஷூ மட்டும் வெளிய வருது."

"யாரு சொன்னது? எட்டர மணிக்கு உள்ள போறப்ப வேணா அப்பிடி இருப்போம், தூக்கம். அஞ்சரைக்கு பெல் அடிச்சதும் எங்க கேட்ல வந்து நின்னு பாருங்க. எங்க லைன் மஹ்பூபி அக்கா சிரிக்கறது ரயில்வே கேட் வரைக்கும் கேக்கும். அன்னைக்கு ஃபுல்லா பேச முடியாதத எல்லாம் அந்த நாப்பது அடியில பேசிடுவாங்க. முழுங்கிடுச்சாம்! எங்களப் பத்தி படம் வரையறீங்க, ஒரு நாளாவது அந்த கேட்டாண்ட வந்திருக்கீங்களா?"

வந்ததில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு கம்பெனி பஸ் உண்டு, அவருக்கு அந்த நேரத்தில் டியூஷன் பிள்ளைகள். நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னபிறகு குற்றமாகத்தான் கேட்டது.

அவர் நேரே சாமிநாதனுக்குப் போன் போட்டார். ஒன்பதுதான் தேறியது என்றார். ஒன்பது என்றால் ஒரு பெட்டி குறையாகப் போகும், அது முடியாது, பத்து இல்லையென்றால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. "அந்த ஒம்போதும் வாணாம் சார். வேற படம் தர்றேன்" என்றார் இவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் இரண்டு பேர் தாமதம் என்பதால் மூன்று வாரம் கிடைத்தது. அதற்குமேல் ஒரு நாள் கிடையாது.

மறுநாள் தொடங்கி டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு விட்டார். ஐந்தேகாலுக்கே ஸ்கூட்டரைக் கொண்டுவந்து எங்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாகப் போட்டுக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவார். எனக்கு முதல் நாள் இது தெரியாது, அவர் அங்கே இருப்பதைக் கவனிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் மஹ்பூபி அக்கா, லைன் மொத்தமும் கேட்க, ஆரம்பித்தாள். என்னைவிட ஆறு வருஷம் சீனியர், வாயும் அவ்வளவு நீளம்.

"அரே சௌந்தர்யா, உன் ஆளு நேத்து என்ன மொறச்சி மொறச்சி பாத்தாரு. நான் சிரிச்சா எழுதறாரு, நிறுத்துனா நிறுத்தறாரு. இன்னா, புது தோஸ்த் தேடறாரா?"

"அக்கா, அவரு படம் வரையறாரு."

"எனக்கு எத்தினி கால் வெப்பாரு?"

ஒரு வாரம் எனக்கு மானம் போனது. பெண்கள் கேட்டைத் தாண்டும்போது அவரைப் பார்த்தே நடை போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி தினமும் புதுசாகப் பூ வைத்தாள். சாயங்காலம் நான் வெளியே வரும்போது அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார், ஏறிக்கொள்வேன். என்ன வரைந்தார் என்று கேட்டால் நோட்டை மூடிக்கொள்வார். சாம்பிள் தயாராகட்டும் என்பார்.

அப்புறம் பலகை, செதுக்கல், ஒவ்வொரு நிறமும் காயக் காத்திருப்பு. சீக்கிரம் காயட்டும் என்று மையில் ஏதோ மருந்து கலந்தார். ஹாலில் துணிக்கொடியை எட்டாத உயரத்தில், படங்களின் முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி கட்டியிருந்தார். எனக்கு எட்டிப்பார்க்க ஆசைதான். பார்க்கவில்லை. சக்கரம் சுற்றக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு பிரதி. பக்கத்தில் பலகை. மூன்று நிறம் ஏறியிருந்தது. கடைசிக் கறுப்பு மட்டும் பாக்கி. அது எங்கெங்கே விழும் என்று பலகையில் மார்க்கரால் வரைந்து, பாதி செதுக்கியிருந்தார்.

"சாம்பிள்" என்றார். "அப்ரூவ் பண்ணாதான் கறுப்பு."

ஆறு இந்தத் தடவையும் வானத்தில்தான். அதை அவரால் விட முடியாது. கீழே கேட்டைத் தாண்டி எங்கள் ஆட்கள் வருகிறார்கள். ஷூ இல்லை, எல்லாருக்கும் அவரவர் ரப்பர் செருப்பு, ஆனால் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நடக்கிறார்கள். மஹ்பூபி அக்கா வாயைத் திறந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு வாயிலிருந்து புறாக் கூட்டமாகக் கிளம்பி ரயில்வே கேட் பக்கம் பறக்கிறது. பூ வைத்தவளின் பூ அவளைவிடப் பெரிது. எல்லாருக்கும் முகம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போல அவ்வளவு தெளிவான முகம். எதிரே டீக்கடை ஓரமாக ஸ்கூட்டரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் கால்கள் வேராகி, தார் ரோட்டைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருக்கின்றன. தோளில் இலை துளிர்த்திருக்கிறது. காதோரம் ஒரு குருவி கூடு கட்டுகிறது.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். மறுபடி ஒரு தரம் பார்த்தேன்.

"நான் எங்க?"

"நீ இன்னும் வெளிய வரல."

விளங்கவில்லை. அவர் கேட்டைக் காட்டினார். கேட் பாதி திறந்திருந்தது. வாட்ச்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுகிறார். உள்ளே வெறும் ஊதா. பலகையில் அந்த இடம் முழுக்கக் கறுப்பு அடிக்க விட்டுவைத்திருந்தார்.

"ஆறு நாள் ஒக்காந்திருந்தேன்" என்றார். "எல்லாம் அஞ்சரைக்கு வந்துடறாங்க. நீ ஆறே கால், ஆறு இருவது. ஒரு நாள் ஆறரை. பஸ் போயிடுது, மொத நாள் நீ ஷேர் ஆட்டோல ஏறினதப் பாத்தேன். எனக்குத் தெரியவே தெரியாது. பஸ்ஸே லேட்டுன்னு நெனச்சினு இருந்தேன். அந்தச் சிரிப்பு, பேச்சு, நாப்பது அடின்னு சொன்னியே... அதுல நீ ஒரு நாளும் இல்ல, சௌந்தர்யா."

அன்றன்றைய ரிப்போர்ட்டை அன்றே முடிப்பேன். யாரும் என்னை இருக்கச் சொன்னதில்லை. ரிஜெக்ட் கட்டை மறுபடி ஒரு தரம் பார்க்காமல் எனக்கு எழுந்திருக்க மனசு வராது. மஹ்பூபி அக்கா சிரிப்பு ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்று சொன்னேனே, அதை நான் கேட்டதெல்லாம் உள்ளே ஜன்னல் வழியாகத்தான். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. 

"அப்ரூவ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைகால் கழுவப் போனேன். கொஞ்சம் அதிக நேரம் கழுவினேன்.

மறுநாள் ஐந்தரை பெல் அடித்ததும் ரிப்போர்ட்டைப் பாதியில் மூடி டிராயரில் வைத்தேன். நான் பையை எடுத்ததைப் பார்த்து மஹ்பூபி அக்கா, "இன்னா, உடம்பு சரியில்லியா? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினாள். ஒன்றும் ஆகவில்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த நாற்பது அடியில் மூன்று கல்யாணச் செய்தியும் ஒரு சண்டையும் கேட்டேன். என்னை வைத்தே ஒரு ஜோக் சொன்னார்கள், இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஜோக். எதிரே டீக்கடை ஓரம் காலியாக இருந்தது. அவர் வேலைதான் முடிந்துவிட்டதே. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அந்த வாரக் கடைசியில் கறுப்பும் ஏறிக் காய்ந்து, பேனாவைத் தொடாமல் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நான் பதினாலையும் பார்த்ததும், பதினொன்று தேறியதும், பத்து சென்னைக்குப் போனதும், பிரித்துப் பார்த்த சாமிநாதன் அவரிடம் பத்து நிமிஷம் பேசியதும் உண்டு. எனக்கு நினைவில் நிற்பது அந்தப் புதன்கிழமைதான்.

ஆறு மணிக்குக்கூடக் கொஞ்சம் நேரம் இருந்தது. கதவைத் திறந்தேன். அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கறுப்புக்காகச் செதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நில்லு. அங்கியே நில்லு. உள்ள வராத."

தோளில் பையோடு வாசற்படியில் நின்றேன். பென்சிலை எடுத்து, பலகையில் கேட்டுக்குள் விட்டுவைத்திருந்த இடத்தில் வரைய ஆரம்பித்தார். செதுக்கினால் கறுப்புக்கு நடுவில் அடியிலிருக்கும் ஊதா தெரியுமாம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். கால் வலித்தது, பை தோளை அறுத்தது.

"கொஞ்சம் சிரி" என்றார்.

"இவ்ளோ நேரம் நிக்க வெச்சா எங்கேர்ந்துங்க சிரிப்பு வரும்?"

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆறு நாளும் ஒரு மணி நேரம் காத்திருந்து, நீ கேட்டுக்கு வெளிய வர்றப்பல்லாம் எனக்கு வந்துச்சே."

எனக்கும் சிரிப்புதான் வந்தது. அதை அவர் வரைந்துகொண்டார்.